70 லிட்டர் கடல்

பொழுதுபோக்கு என்பது பொழுது மிச்சம் இருப்பவர்களின் சொல். உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று என் அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. அவருக்குப் பொழுது போதவில்லை. போக்குவதற்கென்று அது ஒருநாளும் அவர் கையில் நின்றதில்லை. இன்றும் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும் மாணவிகள் பலர் ‘சமையல்’, ‘கோலம்’ என்றே எழுதுகிறார்கள். வீட்டில் எப்படியும் செய்தாக வேண்டிய வேலையையே விருப்பம் என்றும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சாப்பிட முடியாத, உடுத்த முடியாத, பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்க முடியாத ஒன்றை ஒரு பெண் தன் பணத்தில், தன் நேரத்தில் வைத்துக்கொண்டால் அதற்கு நம் வீடுகளில் ஒரே பெயர்தான்: வெட்டிவேலை.

நான் வைத்துக்கொண்ட வெட்டிவேலை ஒரு கடல்நீர் மீன்தொட்டி.

தங்கமீன் தொட்டி என்றால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாஸ்துவுக்கு நல்லது என்று பாராட்டியும் இருப்பார்கள். கடல்நீர்த் தொட்டி வேறு. அது பணக்காரர்களின் வரவேற்பறையிலும் நட்சத்திர விடுதியிலும் இருப்பது. இணையத்தில் தேடினால் குளிரூட்டும் கருவி, நுரை பிரிக்கும் கருவி, விளக்கு என்று லட்சத்தைத் தொடும் பட்டியல்கள் வரும். நான் கௌரவ விரிவுரையாளர். வருடத்துக்கு 11 மாதச் சம்பளம். மே மாதம் கிடையாது. கவியரங்குகளில் பெரும்பாலும் பொன்னாடைதான் தருகிறார்கள், அதை எந்த உப்புக் கடையிலும் மாற்ற முடியாது. விடைத்தாள் திருத்தும் பணத்தையும் சேர்த்து, மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். 8 மாதம், 12,000 ரூபாய். அதற்குள் ஒரு கடல் வேண்டும்.

அம்மா சொன்னார்: “ஏன்டி, அந்தக் காசுக்கு ஒரு கிராம் தங்கமாவது வாங்கிப் போடலாமே. தங்கம் செத்துப் போகாது.”

அவர் சொன்னதில் தவறில்லை. அவர் தலைமுறைப் பெண்களுக்குத் தங்கள் பெயரில் இருந்த ஒரே சொத்து உடம்பில் மாட்டியிருந்ததுதான். அதிலும் பாதி அடகுக் கடையில் கிடந்தது. பெண்ணின் பணம் என்றால் நாளைக்கு வேறு யாருக்கோ ஏற்படப்போகும் அவசரத்துக்கான பணம் என்ற பாடத்தை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாழ்ந்து தெரிந்துகொண்டார். அந்தப் பாடத்திலிருந்து மாதம் 1,500 ரூபாயை வெளியே எடுப்பதுதான் எனக்கு முதல் வேலையாக இருந்தது. மீன் அதற்குப் பிறகுதான்.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் கடல்நீர்த் தொட்டி பற்றிக் கேட்டேன். “சார் வரலையா மேடம்? சார்கிட்ட சொல்லிடுறேன், அவருக்குப் புரியும்” என்றார் கடைக்காரர். வேதியியல் சம்பந்தப்பட்டதாம். உப்பு, புளி, காரம் என்று மூன்று வேளையும் கண்ணளவில் வேதியியல் செய்கிறவளிடம் சொன்னார். நான் திரும்பி வந்து படித்தேன். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவளுக்கு ஒரு பொருளைப் பற்றி இருக்கிற எல்லாவற்றையும் தேடிப் படிப்பது மட்டுமாவது பழக்கமான வேலை.

படித்ததில் தெரிந்தது இது. கடல்நீர் என்பது உப்புக் கரைத்த தண்ணீர் அல்ல. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் பெரும்பங்கு நாம் சமையலில் போடும் உப்புதான் என்றாலும் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன. அதனால் கல்லுப்பைக் கரைத்துக் கடலாக்க முடியாது. அதற்கென்று தயாரித்த உப்புக் கலவையை வாங்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம். கரைத்த பிறகு அடர்த்தியைப் பார்க்க மிதவை மானி ஒன்று போதும், 400 ரூபாய். அது 1.025 என்று காட்டினால் கடல்.

கடற்கரையில் போய்க் குடத்தில் மொண்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். சென்னையில் கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் கரைகளின் தண்ணீரை நம்ப முடியாது. தள்ளிப் போய் எடுக்கலாம். ஆனால் 20 லிட்டர் கேனைப் பேருந்தில் ஏற்றி, இரண்டாம் மாடிக்குத் தூக்குவது யார்?

இந்தக் கேள்விதான் என் தொட்டியின் அளவைத் தீர்மானித்தது. தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். தண்ணீர் அதிகமிருந்தால் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறாது என்பது உண்மை. ஆனால் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல்நீர் ஊற்ற வேண்டும். 300 லிட்டர் தொட்டி என்றால் வாரம் 30 லிட்டர். அந்த 30 லிட்டரைத் தூக்குபவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்காவுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம், முழங்கால் வலி உண்டு. என் விருப்பத்தின் சுமை அவர் முழங்காலில் இறங்கக் கூடாது. அம்மாவின் தோளிலும் கூடாது. என் இரண்டு கை ஞாயிற்றுக்கிழமை காலையில் எவ்வளவு தூக்குமோ அவ்வளவுதான் என் கடல்.

பழைய தொட்டி ஒன்று 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர். பாறையும் மணலும் போக, தண்ணீர் 60 லிட்டர் பிடிக்கும். வாரம் 6 லிட்டர் மாற்ற வேண்டும், அதற்கு 220 கிராம் உப்பு. இரண்டு கையில் இரண்டு சின்ன வாளி. முடியும். நிரம்பிய தொட்டி 100 கிலோவை நெருங்கும் என்பதால் மேசையை நம்பாமல், துளைபோட்ட இரும்புக் கோணங்களால் ஆன பழைய அடுக்கு ஒன்றை 800 ரூபாய்க்கு வாங்கி, தாங்குசுவரை ஒட்டி வைத்தேன்.

முதல் தடவை நிரப்ப மூன்று கேன் தண்ணீர் வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் குளோரினும் வேறு உப்புகளும் இருக்கும், ஆகாது. கேனைக் கவிழ்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடலைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடத் தொடங்கின. தொடங்கியபோது ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். ஊர் கடலைக் காசு கொடுத்துக் குடிநீராக்குகிறது. நான் குடிநீரைக் காசு கொடுத்துக் கடலாக்குகிறேன். 2019 கோடையில் லாரிக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடங்களோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்த வரிசையில் ஆண்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் இந்த 60 லிட்டரை நான் அற்பமாக நினைக்கவில்லை. வாரம் மாற்றி எடுக்கும் 6 லிட்டரைச் செடிக்கு ஊற்ற முடியாது, உப்பு. பெரிய பாசி படிந்த வாளிகளையும் குளியலறைத் தரையையும் கழுவ அது பயன்படுகிறது.

பாறைதான் அடுத்த சிக்கல். கடல்தொட்டியில் பாறை அழகுக்கு இல்லை. அதுதான் சுத்திகரிப்பு நிலையம். அதன் துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள், மீனின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. மற்ற நாடுகளில் இதற்கென்று காய்ந்த பவளப் பாறையை விற்கிறார்கள். இங்கே கூடாது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. கடற்குதிரையும் கடல் விசிறியும் அப்படியே. உயிரோடு இருப்பது மட்டுமல்ல, செத்துக் காய்ந்ததையும் எடுக்கவோ விற்கவோ கூடாது.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளைப் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கிய பாறை போனதும் தீவுகள் அரிக்கப்பட்டு, இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மிஞ்சியதை வெப்பம் பார்த்துக்கொள்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறினால், தன் உடலுக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் அங்கே பெரிய அளவில் வெளுத்தன. கோடை மாதங்களில்தான் அது நடக்கிறது.

தமிழ் படித்தவளுக்கு இங்கே ஒரு சொல் வேலை இருக்கிறது. துகிர் என்று சங்கப் பாடல்கள் சொல்வதும் பவளம் என்று நாம் சொல்வதும் நகை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவியும் சரக்குகளில் துகிரையும் சொல்கிறது. அதாவது பவளம் நம் இலக்கியத்துக்குள் வரும்போதே விலைப்பொருளாக வருகிறது. பெண்ணின் உதட்டுக்கு உவமையாகவும் அதே விலையோடுதான் வருகிறது. பாறை கட்டும் உயிருக்குப் பெயர் வேறு: முருகைக்கல். ஈழத்தில் இன்றும் அது வழக்கில் உள்ள சொல். மீனவர்கள் கடலடியில் மேடிட்டுக் கிடக்கும் பாறைத்திட்டைப் பார் என்கிறார்கள். முத்துக் குளித்த இடங்களும் பார்கள்தாம். மீன் வந்து அண்டும் இடம், பிழைப்பு இருக்கும் இடம் என்று அந்தச் சொல்லுக்குள் எல்லாம் இருக்கிறது, நகை மட்டும் இல்லை. எனக்குப் பவளம் வேண்டாம், ஒரு பார் போதும் என்று முடிவு செய்தேன். சட்டத்துக்காக மட்டுமல்ல. கடலில் பிழைக்கத் திணறும் ஒன்றை என் இரண்டாம் மாடிக்குக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

பாறையை நானே செய்தேன். ஒரு பங்கு வெள்ளைச் சிமென்ட், மூன்று பங்கு கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் தூள், ஒரு பங்கு கல்லுப்பு. தண்ணீர் தெளித்து, புட்டு மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈரமணலில் குழி பறித்து அதில் அப்பினேன். இறுகிய பிறகு தண்ணீரில் ஊறப் போட்டால் கல்லுப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். ஆனால் புதுச் சிமென்ட் தண்ணீரைக் கடுங்காரமாக்கும். அதில் எந்த உயிரும் தங்காது. இரண்டு மாதம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, காரத்தன்மை காட்டும் தாளில் 8.4க்குக் கீழே வந்த பிறகே தொட்டிக்குள் வைத்தேன். மொத்தச் செலவு 350 ரூபாய்.

பிறகு காத்திருப்பு. கடல்தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அவர் வடிகட்டியில் கிடந்த பீங்கான் வளையங்கள் ஒரு கைப்பிடியும், ஒரு கொத்துக் கடற்பாசியும் வாங்கி வந்தேன். வளையத்தில் பாக்டீரியா இருக்கும். பாசி தண்ணீரிலுள்ள நைட்ரேட்டைத் தின்னும். ரவிக்கை தைக்கும் வெள்ளை நூலால் பாசியைப் பாறையில் கட்டினேன். மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி. அது அழுகி அம்மோனியா ஏறியது. பிறகு இறங்கி நைட்ரைட் ஏறியது. பிறகு அதுவும் இறங்கியது. ஆறு வாரம். சோதனைக் குப்பிகளின் நிறம் மாறுவதைத் தவிர வெளியே தெரிய எதுவும் இல்லை. நடுவில் மணல்மேல் ஒரு பழுப்புப் படலம் வந்து, தானே போனது. “வெறுந் தண்ணியை ஏம்மா பாத்துட்டு உக்காந்திருக்க?” என்றார் கணவர். ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும் இடத்தில் எல்லாமே நடந்துகொண்டிருக்கும் என்பதை, பத்தாண்டு கவிதை எழுதியவள் எந்த விளக்கமும் இன்றி நம்பிவிடுவாள். அவருக்கு நான் நைட்ரைட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

இந்த வாரங்களில்தான் இந்தத் தொட்டியின் வரலாற்றைப் படித்தேன். கடல் உயிரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தவர்களின் கதை இரண்டு பெண்களிடம் கொண்டுபோய் விட்டது. ழான் வில்ப்ரூ 1794இல் பிரான்சில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். 18 வயதில் பாரிசுக்கு நடந்தே போய்த் தையல் வேலையில் சேர்ந்தார். ஓர் இளவரசியின் மணவுடைக்கு வேலைப்பாடு செய்து பெயர் பெற்றார். திருமணமாகிச் சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறிய பிறகு, ஆர்கோநாட் என்ற கணவாய் இனத்து உயிர் தன் மெல்லிய ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறொன்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க 1832இல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்தார். தானே செய்துகொள்கிறது என்று நிறுவினார்.

இன்னொருவர் அன்னா தைன். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உயர் குரு ஒருவரின் மனைவி. 1846இல் டார்க்கி கடற்கரையில் சிறு பவள உயிர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, கல்சாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். நாலாப்புறமும் தண்ணீர் பட வேண்டும் என்று ஊசிநூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்து வைத்தார். கொண்டுவந்த கடல்நீர் குறைவு. தினமும் புதிது வராது. அதனால் அந்தத் தண்ணீரையே திறந்த சன்னல் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி, காற்றுக் கலந்து, திரும்பவும் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். அடுத்த ஆண்டு கடற்பாசிகளைச் சேர்த்த பிறகு தொட்டி நிலைபெற்றது. பவளம் வாழ்ந்த கடல்தொட்டிகளில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறப்பதற்கும், 1854இல் பிலிப் காஸ் தன் நூலின்மூலம் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரப்புவதற்கும் பல ஆண்டுகள் முன்பு.

நான் மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டே வந்து ஒரு வாக்கியத்தில் நின்றேன். ஊற்றியது அன்னா தைன் அல்ல, அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது என்ற பொருளில் 1859இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதியிருக்கிறார். சிறுமியின் பெயர் அதில் இல்லை. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்ததா என்று அவள் சொல்லி எந்தப் பதிவும் இல்லை.

பெண்கள் விட்டுப்போன வரலாற்றைத் தேடி எடுக்கும்போது நாம் பெரும்பாலும் அன்னா தைனைத்தான் கண்டுபிடிக்கிறோம். எழுதத் தெரிந்தவர், எழுதியதை அச்சிடத் தெரிந்தவர்களைத் தெரிந்தவர். கையில் வாளியோடு சன்னலருகில் நின்றவள் அந்த மீட்பிலும் விட்டுப்போகிறாள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களையும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். சேலைமேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி மூழ்குகிறவர்கள். தலைமுறைகளாகச் செய்த வேலை, தேசியப் பூங்கா வந்தபின் அத்துமீறலாகப் பார்க்கப்பட்டது. அவர்கள் பாறையைச் சுரண்டும் இரும்பைக் கைவிட்டார்கள், எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. ஒரு பெயர் பதிவாகிவிட்டது. மூழ்கியவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்.

மார்ச்சில் மீன் வந்தது. கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு சோடி, 1,600 ரூபாய். பண்ணை மீன் தொட்டிக்குப் பழகியது. கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். இந்த மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. அவள் இறந்தால் அடுத்து நிற்கும் ஆண் பெண்ணாக மாறும். முட்டைக்கு விசிறிக் காவல் இருப்பது ஆண். 2003இல் வந்த நீமோ படம் இதைச் சொல்லவில்லை. மகளின் தோழிகள் இதைக் கேட்டுக் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. இயற்கையில் இருப்பதால் ஒன்று சரியாகிவிடும் என்றால், நமக்கு எதிராகச் சொல்லப்பட்ட எத்தனையோ இயற்கைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். என் உரிமைக்கு மீன் சாட்சி சொல்ல வேண்டாம். அது நீந்தினால் போதும்.

மே மாதம் வந்தது. சம்பளம் இல்லாத மாதமும் வெயில் மாதமும் எங்களுக்கு ஒன்றே. தொட்டி 26 பாகையில் இருக்க வேண்டும். குளிரூட்டியின் விலை என் மொத்தத் திட்டத்தைவிட அதிகம். 300 ரூபாய்ச் சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் திருப்பி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். 31 என்பது 28, 29 ஆகும். அதற்கு விலையாகத் தினமும் ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் குறையும். உப்பு ஆவியாகாது, அதனால் நிரப்ப நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 13 யூனிட்டுக்குச் சற்று மேல்.

மின்சாரம் போனால் காற்றுத் தரும் பேட்டரிப் பம்பு, 450 ரூபாய், பட்டியலில் கடைசியில் இருந்தது. அது ஜூன் சம்பளத்துக்கு உரியது. மே மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி 11 மணிக்கு மின்சாரம் போனது. நீரோட்டம் நின்றால் சூடான தண்ணீரில் உயிர்க்காற்று சீக்கிரம் குறையும். அரை மணியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. மகள் கைப்பேசி வெளிச்சம் பிடிக்க, நான் சொம்பால் மொண்டு உயர இருந்து ஊற்றினேன். கால் மணி ஊற்றுவது, சிறிது நிறுத்துவது, மறுபடியும். மூன்றாவது சுற்றில் தோள் கழன்றது. முக்கால் மணி நேரம் என்று படித்தபோது அது ஓர் எண்ணாக இருந்தது.

அம்மா எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொம்பை வாங்கிக்கொண்டார். “தண்ணியைப் போட்டு அடிக்காத. பால் ஆத்துற மாதிரி ஆத்து” என்றார். அறுபது வருடம் காப்பி ஆற்றிய கை. மெல்லிய தாரையாக, நுரை கட்ட, அறை முழுக்க ஒரே சீரான சத்தம். நான் அவரைக் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை. யார் தோளிலும் இறங்கக் கூடாது என்று நான் போட்டிருந்த விதி அந்த இருட்டில் அவர் கையில் இருந்தது. இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. மீன்கள் இருந்தன.

மறுநாள் செலவு நோட்டில் எழுதினேன். பணத்துக்கு ஒரு பத்தி, தண்ணீருக்கு ஒரு பத்தி என்று ஏற்கெனவே இருந்தது. மூன்றாவதாக வேலைக்கு ஒரு பத்தி போட்டேன். வாரம் 2 மணி நேரம், நான். மே மாதம் ஒரு ராத்திரி: நான் ஒன்றரை மணி, அம்மா 40 நிமிடம், அவர் பெயரோடு. வெளிச்சம் பிடித்த மகள் பெயரோடு. அம்மாவிடம் காட்டினேன். “இதையெல்லாமா எழுதுவாங்க” என்றார். ஆனால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

ஜூலையில் ஆய்வேடு தொடர்பாக மாணவிகள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி நோட்டை வாங்கிச் செலவுப் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி காசிமேட்டுப் பெண். அம்மா மீன் விற்கிறார். அவள் தொட்டியைவிட, மூலையில் நான் அந்த வாரத்துக்கு உப்புக் கலக்கிக்கொண்டிருந்த வாளியைத்தான் பார்த்தாள்.

“உப்பைக் காசு குடுத்தா வாங்குனீங்க மேம்?” என்று சிரித்தாள். எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குனிந்து, விரலை வாளியில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கொஞ்சம் கம்மி மேம்.”

மானியை மிதக்கவிட்டேன். 1.022. இன்னும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினோம்.